போர்தோ கலவை ஒயின்: துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு சுவைக்கப் பழகும் வழி

காரைக்காலிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்கு முதல் மிடறு இறங்கியதும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னப்பா இது, வாழைக்கச்சலைக் கடிச்ச மாதிரி இருக்கு? நாக்கைப் புடிச்சு இழுக்குது."

பிரான்சின் போர்தோ வட்டாரத்து மெதோக் பகுதி ஒயின். வயது மூன்றுதான். "அதுக்குப் பேரு டானின், சித்தப்பா" என்றேன்.

"டானினோ கீனினோ. துவர்ப்புன்னு சொல்லிட்டுப் போயேன்."

அவர் சொன்னதுதான் சரி. போர்தோவில் ஒயின் சுவைக்கும் வகுப்புக்குப் போனால் இந்த உணர்வைப் புரியவைக்கவே கொஞ்ச நேரம் செலவழிக்கிறார்கள். கசப்பு வேறு, இது வேறு என்று பிரித்துக் காட்ட ஊறிய டீயைக் குடிக்கக் கொடுப்பார்கள். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். (உடலியலின்படி துவர்ப்பு நாக்கின் சுவை மொட்டுகளில் பிறப்பதில்லை, அது ஒரு தொடுவுணர்வு. இருக்கட்டும். வாயில் தெரிகிறதா இல்லையா, அதுதான் பேச்சு.)

போர்தோ கலவை, அதாவது நாலைந்து வகைத் திராட்சைகளைக் கலந்த ஒயின் என்றதும் பலர் அதை விடுகதையாக எடுத்துக்கொள்கிறார்கள். இது மெர்லோவா, கபர்னேயா, எத்தனை சதவீதம்? அந்த ஆட்டத்தில் தொழில்காரர்களே அடிக்கடி தோற்பார்கள். துவர்ப்பு வாயில் எங்கே தொடங்குகிறது, நடுவில் எது அதை மெத்தென்று ஆக்குகிறது, எங்கே போய் அடங்குகிறது என்று கவனிப்பது அதைவிடச் சுலபம், பலனும் கூடுதல். கலக்குகிறவர்கள் செய்வதே பெரும்பாலும் துவர்ப்பைச் சமாளிக்கும் வேலைதான்.

முதலில் டீ, பிறகுதான் பாட்டில்

ஒயின் வாங்குவதற்கு முன் ஒருநாள் சமையலறையில் இதைச் செய்து பாருங்கள். இரண்டு டம்ளர் கொதிநீரில் ஒவ்வொரு ஸ்பூன் டீத்தூள் போடுங்கள். ஒன்றை 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள். இன்னொன்று 10 நிமிடம் ஊறட்டும். சர்க்கரை வேண்டாம். இரண்டும் ஆறிய பிறகு, ஒரு வாய் எடுத்துப் பத்து விநாடி வாயிலேயே வைத்திருந்து விழுங்குங்கள்.

முதல் டம்ளர் வழுக்கிக்கொண்டு போய்விடும். இரண்டாவது ஈறிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். எச்சில் வற்றினாற்போல நாக்கு மேலண்ணத்தில் உரசும். எச்சிலில் இருக்கும் புரதங்களை டானின் என்ற துவர்ப்புப் பொருள் பிடித்துத் திரட்டிவிடுவதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது, அவ்வளவுதான். இப்போது அதே டம்ளரில் இரண்டு ஸ்பூன் பால் விடுங்கள். துவர்ப்பு சட்டென்று தணியும். டானினுக்குப் பாலின் புரதம் கிடைத்துவிட்டது, உங்கள் எச்சிலை விட்டுவிட்டது. மாட்டுக்கறி, ஆட்டுக்கறியோடு சிவப்பு ஒயினை ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கான விளக்கத்தில் பாதி இந்த டம்ளரிலேயே இருக்கிறது. பால் விடாத கடும் டீ மிச்சமிருந்தால் நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். துவர்ப்பு இன்னும் கூர்மையாகும். புளிப்பு ஏறினால் துவர்ப்பும் ஏறித் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

துவர்ப்பிலும் ரகம் உண்டு. கொட்டைப்பாக்கு கன்னத்தைப் பிடித்து இழுக்கும். நாவல்பழம் நாக்கின்மேல் பொடி தூவினாற்போல மெல்லப் படரும். கச்சல் பிசினாக ஒட்டும். நெல்லிக்காய் புளிப்போடு வந்து, தண்ணீர் குடித்ததும் இனிப்பாக மாறி ஓடிவிடும். இந்த நான்கையும் நினைவிலிருந்து பிரித்துச் சொல்ல முடிந்தால், ஒயின் புத்தகங்கள் 'பட்டு', 'வெல்வெட்', 'மணல்' என்று எழுதுவதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே வாயில் வைத்திருக்கிறீர்கள்.

ஏன் ஒரே திராட்சையில் நிறுத்திக்கொள்வதில்லை?

போர்தோ அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்து வட்டாரம். மழைக்கும் பனிக்கும் நாள் கணக்குக் கிடையாது. கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஜிரோந்து கழிமுகமாகிக் கடலுக்குப் போகின்றன. கழிமுகத்துக்கும் கரோனுக்கும் இடப்பக்கம் இருப்பது 'இடக்கரை': மெதோக், கிராவ். ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளைக்கல் மேடுகள் அங்கே அதிகம். தண்ணீர் நிற்காது, பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொள்ளும். தோர்தோனுக்கு வலப்பக்கம் 'வலக்கரை': சேந்த் எமிலியோன், பொமெரோல். அங்கே களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும், சீக்கிரம் சூடேறாது.

தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோனுக்கு அந்தச் சரளைக்கல்லின் சூடு தேவை. மெர்லோ ஒன்றிரண்டு வாரம் முந்திப் பழுத்துவிடும். குளிர்ந்த களிமண்ணிலும் சமாளிக்கும். அதனால் இடக்கரை ஒயினில் பெரும்பாலும் கபர்னே சோவிஞோன் தலைமை, வலக்கரையில் மெர்லோ தலைமை.

இதில் விவசாயியின் முன்யோசனையும் இருக்கிறது. மெர்லோ முதலில் துளிர்ப்பதால் வசந்தகாலத்துப் பின்பனி அதை முதலில் கருக்கும். 2017 ஏப்ரல் கடைசியில் ஓரிரு இரவுப் பனியில் போர்தோ தன் விளைச்சலில் ஏறக்குறைய 40 சதவீதத்தை இழந்தது. கபர்னேயோ அறுவடைவரை காத்திருக்க வேண்டும். அக்டோபர் மழை முந்திக்கொண்டால் பழுக்காத காயாக நின்றுவிடும். இரண்டையும் நட்டு வைத்தால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். மானாவாரி நிலத்தில் நாலு தானியம் கலந்து விதைக்கிற அதே புத்தி.

இனி ஒவ்வொன்றும் கலவையில் செய்யும் வேலை:

கபர்னே சோவிஞோன் சிறு பழம், தடித்த தோல், அதனால் துவர்ப்பும் நிறமும் புளிப்பும் கூடுதல். வீட்டுக்கு உத்தரம் போட்டதுபோல ஒயினை நிமிர்த்தி நிற்கவைப்பதும், பல வருடம் தாங்கவைப்பதும் இதுதான். குறை என்னவென்றால் வாயின் நடுவில் சற்று வெறுமையாகத் தெரியும். தொடக்கம் இருக்கும், முடிவு இருக்கும், நடுவில் ஓட்டை. அங்கே தொழில்காரர்கள் இதை நடுவில் துளை உள்ள வடைக்கு, அதாவது டோனட்டுக்கு, ஒப்பிடுவார்கள்.

அந்த ஓட்டையை நிரப்புவது மெர்லோ. சதைப்பற்று, கனிந்த பழ வாசனை, மெத்தென்ற துவர்ப்பு. பழத்தில் சர்க்கரை அதிகம் சேர்வதால் ஆல்கஹாலும் சற்றுக் கூடும். போர்தோவின் சிவப்புத் திராட்சைப் பரப்பில் பாதிக்கும் மேல் இதுதான்.

கபர்னே ஃப்ரான் வாசனைக்காரன். ராஸ்பெர்ரி, இலைப் பச்சை, சீவிய பென்சில். உடம்பு ஒல்லி. 1997இல் வெளியான மரபணு ஆய்வில், கபர்னே ஃப்ரானும் வெள்ளைத் திராட்சையான சோவிஞோன் பிளாங்கும் இயற்கையாகக் கலந்து பிறந்ததே கபர்னே சோவிஞோன் என்று தெரியவந்தது. மெர்லோவுக்கும் தகப்பன் கபர்னே ஃப்ரான்தான். ஆக போர்தோ கலவை என்பது ஒரே குடும்பத்துக் கல்யாணம்.

பெத்தி வெர்தோ பெருங்காயம் மாதிரி. இரண்டு, மூன்று சதவீதம் போட்டால் நிறமும் வயலட் பூ வாசனையும் விறைப்பும் வரும். கூடினால் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். மால்பெக் போர்தோவில் முன்பு நிறைய இருந்தது, 1956 பிப்ரவரிக் கடுங்குளிரில் கொடிகள் பட்டுப்போனபின் பலர் அதைத் திரும்ப நடவில்லை. கார்மெனேரின் கதை இன்னும் விசித்திரம். 19ஆம் நூற்றாண்டில் ஃபிலோக்சரா பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபின் அது போர்தோவிலிருந்து கிட்டத்தட்டக் காணாமலே போனது. 1994இல் ழான்-மிஷேல் புர்சிகோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் சிலி நாட்டில் மெர்லோ என்று நினைத்து வளர்த்துக்கொண்டிருந்த கொடிகளுக்கு நடுவே அதை அடையாளம் கண்டார்.

வெயில் ஏறிக்கொண்டே போவதால், 2021இல் போர்தோ என்ற பொதுப் பெயரில் விற்கும் ஒயின்களுக்கு மார்சலான், தூரிகா நாசியோனால் உட்பட நான்கு புதிய சிவப்பு வகைகளை அனுமதித்தார்கள். கலவையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

பாட்டில் வாங்கும்போது

நம் ஊரில் 'ஒயின்ஷாப்' என்ற பெயருள்ள கடையில் பிராந்தியும் ரம்மும்தான் அடுக்கியிருக்கும். ஒயின் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒருமாதிரி பார்ப்பார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், பெங்களூர், புதுச்சேரி பக்கம் போகிறவர்களுக்கும் இது எளிது.

பயிற்சிக்கு மூன்று பாட்டில் போதும். மெர்லோ மிகுந்த ஒரு வலக்கரை ஒயின், கபர்னே சோவிஞோன் மிகுந்த ஒரு மெதோக், கபர்னே ஃப்ரான் மட்டும் உள்ள ஒன்று. கடைசிக்கு லுவார் ஆற்றுப் பக்கத்துச் சினோன் ஒயின் தோதானது. எல்லாம் மூன்று முதல் ஆறு வயதுக்குள் இருக்கட்டும். போர்தோவின் 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் இடம்பெற்ற பெரிய மாளிகைகளின் (ஒயின் தயாரிக்கும் தோட்டங்களை அங்கே இப்படித்தான் அழைப்பார்கள்) பெயரைத் தேடி ஓட வேண்டாம். அங்கே காசு பெயருக்குப் போகும். பழகுகிற நாக்குக்கு நடுத்தர விலை பாட்டில்தான் நன்றாகப் பாடம் சொல்லும். முன்பக்கத்தில் தங்க எழுத்தில் 'கிரான் வேன் தெ போர்தோ' (போர்தோவின் உயர்ந்த ஒயின்) என்று இருப்பதையும் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்பக்கம் திருப்பிச் சதவீதம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பல மாளிகைகள் தங்கள் இணையதளத்தில் ஒவ்வோர் ஆண்டுக்கும் கலவை விவரத்தைத் தருகின்றன.

இன்னொரு விஷயம். ஐரோப்பிய விதிப்படி ஒரு திராட்சையின் பெயரை மட்டும் லேபிளில் போட 85 சதவீதம் இருந்தால் போதும். அமெரிக்காவில் 75. அதனால் 'மெர்லோ' என்று எழுதிய பாட்டிலே சத்தமில்லாமல் ஒரு கலவையாக இருக்கக்கூடும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு கபர்னே-ஷிராஸ் கலவை கிடைக்கும். கர்நாடகத்தின் குரோவர் நிறுவனத்து 'லா ரிசர்வ்' அந்த வகை. அது போர்தோவின் சேர்க்கை கிடையாது, ஆனால் இங்கே சொல்லும் முறைப்படி அதையும் சுவைக்கலாம்.

மேஜையில் உட்காருமுன்

'சிவப்பு ஒயினை அறைவெப்பத்தில் பரிமாறு' என்பது கல்வீட்டில் குளிர்காய்ந்துகொண்டு இருந்தவர்கள் சொன்ன அறிவுரை. அவர்கள் அறையின் வெப்பம் 16, 18 டிகிரி. சென்னையின் 30 டிகிரியில் அதே ஒயின் சாராய நெடி அடிக்கும், பழ வாசனை எழாது. ஒன்றரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மிகவும் குளிர்ந்துவிட்டால் துவர்ப்பு முரடாகிவிடும், அப்போது கிண்ணத்தைக் கையால் அணைத்துச் சூடேற்றுங்கள்.

கிண்ணம் வயிறு பெருத்து வாய் குறுகியதாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஊற்றாதீர்கள். இளம் பாட்டிலை ஒரு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி வைத்தால் காற்றுப் பட்டுத் திறந்துகொள்ளும். தக்கையை மட்டும் பிடுங்கிப் பாட்டிலை அப்படியே வைத்தால் ஒன்றும் நடக்காது. அந்தக் கழுத்தளவு வழியில் காற்று எங்கே போவது?

சாம்பிராணி, ஊதுபத்தி, மல்லிகைச் சரம், அத்தர், பக்கத்து அடுப்பில் தாளிப்பு, இவை எதுவும் அருகில் கூடாது. ஃபில்டர் காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். துப்புவதற்கு ஒரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள். அநாகரிகம் என்று தோன்றும். போர்தோ மாளிகைகளில் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் வரிசையாக நின்று துப்புவார்கள். ஆறு கிண்ணத்தை விழுங்கினால் ஏழாவது கிண்ணத்தைப் பற்றி நீங்கள் சொல்வதற்கு மதிப்பே இல்லை.

கண்ணுக்கு அதிகம் வேலை கொடுக்காதீர்கள்

வெள்ளைத் தாளுக்குமேல் கிண்ணத்தைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதாச் சாயல் என்றால் இளசு. செங்கல் நிறம் ஏறினால் வயதாகிறது. கிண்ணத்தின் உட்சுவரில் வழியும் 'கண்ணீர்த் துளிகள்' ஆல்கஹால் ஆவியாவதால் வருபவை. தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கண்ணை ஏன் நம்பக்கூடாது என்பதற்குப் போர்தோவிலேயே சான்று உண்டு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்பு நிறமி சேர்த்து, ஒயின் கலை படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதன் வாசனையைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். நாம் எம்மாத்திரம்? நிறம் பார்த்தாகிவிட்டதா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மூக்கு

கிண்ணத்தை ஆட்டாமல் முதலில் ஒரு முறை முகருங்கள். லேசாக எழும் வாசனைகள் இதில்தான் பிடிபடும். பிறகு கிண்ணத்தின் காலை மேஜையில் அழுத்தி இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி முகருங்கள். நீளமாக இழுக்கத் தேவையில்லை. குட்டி குட்டியாய் மூன்று உறிஞ்சல், பிறகு அரை நிமிட ஓய்வு. மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும்.

ஒயின் எழுத்தாளர்கள் 'பிளாக்கரன்ட்' என்று எழுதும்போது நம்மில் பலருக்குக் கைவிரிப்பதைத் தவிர வழியில்லை. அந்தப் பழம் நம் ஊரில் விளைவதில்லை. பரவாயில்லை. நன்கு பழுத்த நாவல்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்தத் திசை. ஆனால் சில வாசனைகளில் நமக்குத் தோராயம் தேவையே இல்லை, மூலக்கூறே ஒன்றுதான். கபர்னே குடும்பத்தில் வரும் குடைமிளகாய் வாசனைக்குக் காரணம் பைரசீன் என்ற சேர்மம். அதேதான் குடைமிளகாயிலும் இருக்கிறது. ஒரு லிட்டரில், ஒரு கிராமின் நூறு கோடியில் பத்துப் பதினைந்து பங்கு இருந்தாலே சிவப்பு ஒயினில் மூக்குக்குத் தெரிந்துவிடும். பழம் பழுக்கப் பழுக்க, வெயில் படப்பட அது குறையும். எனவே பச்சை வாசனை தூக்கலாக இருந்தால் அந்த ஆண்டு கபர்னே சரியாகப் பழுக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். லேசாக இருந்தால் அது அழகு.

ஓக் பீப்பாய் கொடுப்பது வேறு கணக்கு. போர்தோவின் பீப்பாய் 225 லிட்டர். நல்ல ஒயின் அதில் ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும். மரத்திலிருந்து யூஜினால் இறங்கும், அதுதான் கிராம்பின் வாசனை. வெனிலின் இறங்கும். லாக்டோன் என்ற சேர்மம் தேங்காய் மணத்தைக் கொடுக்கும், அமெரிக்க ஓக்கில் இது கூடுதல். கிராம்பும் தேங்காயும் தெரிந்தால் 'நாலு திராட்சையில் இது எது' என்று தேடாதீர்கள். அது ஐந்தாவது சரக்கு, மரம்.

கபர்னே-ஷிராஸ் வைத்திருப்பவர்கள் மிளகைத் தேடலாம். ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்கும் ரசத்தில் போடும் மிளகின் வாசனைக்கும் காரணமான ரொட்டண்டோன் ஒன்றேதான். ஐந்தில் ஒருவருக்கு இந்தச் சேர்மத்தின் வாசனை தெரியவே தெரியாது. உங்களுக்கு எட்டவில்லை என்றால் மூக்கைக் குறை சொல்லாதீர்கள், பிறவி அப்படி.

வாய்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மேஜைக்கரண்டி அளவு வாயில் எடுங்கள். நாக்கால் ஈறு, கன்னம், மேலண்ணம் எல்லா இடத்துக்கும் தள்ளுங்கள். உதடுகளை லேசாகத் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்தால் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சத்தம் வரும். சூடான ரசத்தை உறிஞ்சிப் பழகியவர்களுக்கு இதில் கூச்சம் இருக்காது.

முதல் இரண்டு விநாடி பழம் பேசும். இங்கே உருண்டையாக, இனிப்புச் சாயலுடன் தெரிந்தால் மெர்லோவின் கைவரிசை. (சர்க்கரை இருக்காது. கனிந்த பழமும் ஆல்கஹாலும் சேர்ந்து செய்யும் மாயம்.) அடுத்து நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா என்று பாருங்கள். ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது. விழுங்கியோ துப்பியோ முடித்தபின் எச்சில் தொடர்ந்து சுரந்தால் அந்த ஒயின் சாப்பாட்டோடு ஒத்துப்போகும்.

பிறகு துவர்ப்பு. எங்கே பிடிக்கிறது? முன்பல் ஈறில் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் இளம் கபர்னே. நாக்கின் நடுவில் மாவுபோலப் படிந்தால் மெர்லோ. அங்கேயும் இங்கேயும் இல்லாமல் டீயைப்போல மெல்லிய படலமாக நின்றால் கபர்னே ஃப்ரானின் பங்கு கூடுதல் என்று ஊகிக்கலாம். இவை சட்டமில்லை. மண், வெயில், பீப்பாய் எல்லாம் சேர்ந்து இவற்றைப் புரட்டிப்போடும். ஆனால் தொடக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டுமே.

நல்ல கலவையில் துவர்ப்பு பழத்துக்குப் பின்னால் ஒளிந்து வரும். எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது, ஆனால் இருக்கிறது. சுமாரான கலவையில் தையல் தெரியும்: இனிப்பாக ஒரு தொடக்கம், அப்புறம் வெற்றிடம், கடைசியில் தனியே வந்து நிற்கும் வறட்சி. சித்தப்பாவுக்கு நான் ஊற்றிக்கொடுத்தது அந்த இரண்டாவது ரகம்தான், இப்போது நினைத்தால் தெரிகிறது.

துப்பியபின் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். பழவாசனை எத்தனை விநாடி நிற்கிறது? பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'கோதாலி' என்று ஒரு அளவே வைத்திருக்கிறார்கள். வால் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஒரு கோதாலி ஒரு விநாடி. வாசனையின் வாலை மட்டும் எண்ணுங்கள். துவர்ப்பு எவ்வளவு நேரம் நின்றாலும் அது கணக்கில் சேராது.

மூன்றாவது, நான்காவது மிடறில் துவர்ப்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும். வெறும் ரொட்டி ஒரு துண்டு, தண்ணீர், இரண்டு நிமிட இடைவெளி. பல பாட்டில்கள் இருந்தால் மெர்லோ மிகுந்ததை முதலிலும் கபர்னே மிகுந்ததைப் பின்னாலும் வையுங்கள்.

நீங்களே கலந்து பாருங்கள்

போர்தோவில் ஒவ்வொரு வகையையும், பெரிய மாளிகைகளில் ஒவ்வொரு துண்டு நிலத்தையும், தனித்தனித் தொட்டியில் நொதிக்கவைக்கிறார்கள். குளிர்காலத்தில் மேஜைமேல் அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாய்களை வைத்துக்கொண்டு மாதிரிகளைச் சொட்டுக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் அசாம்பிளாஜ். சேராதவை இரண்டாம் தர ஒயினுக்குப் போகும். தோலைப் பிழிந்தெடுத்த முரட்டு ஒயினையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள், துவர்ப்பு போதாத இடத்தில் சேர்க்க.

இதை வீட்டிலும் செய்யலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, ஒரேமாதிரியான ஐந்து கிண்ணம். முதல் கிண்ணத்தில் மெர்லோ மிகுந்த வலக்கரை ஒயின் 40 மி.லி. மட்டும். இரண்டாவதில் மெர்லோ 30, கபர்னே சோவிஞோன் மிகுந்த மெதோக் 10. மூன்றாவதில் 20க்கு 20. நான்காவதில் 10க்கு 30. ஐந்தாவதில் கபர்னே மட்டும் 40. கிண்ணத்தின் அடியில் எண் எழுதிய சீட்டு ஒட்டி, வீட்டில் வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பிறகு சுவைத்து, துவர்ப்பு குறைவிலிருந்து கூடுதலுக்கு வரிசைப்படுத்துங்கள்.

இரண்டு ஆச்சரியங்கள் காத்திருக்கும். ஒன்று, ஓரங்களில் இருக்கும் இரண்டையும் சுலபமாகக் கண்டுபிடிப்பீர்கள், நடுவில் இருப்பவை குழப்பும். இரண்டு, உங்களுக்கு மிகவும் பிடித்தது பெரும்பாலும் தனி ஒயினாக இருக்காது. எனக்கு இரண்டாவது கிண்ணம்தான் பிடித்தது. மெர்லோவின் சதைக்கு அந்த 10 மி.லி. கபர்னே ஒரு முதுகெலும்பு கொடுத்திருந்தது.

இப்போது பிடித்த கிண்ணத்தின் 40 மி.லி. கலவையை மறுபடி தயாரித்து அதில் சினோன் ஒயினை 2 மி.லி. மட்டும் விடுங்கள். கிட்டத்தட்ட 5 சதவீதம். வாயில் பெரிய மாற்றம் இருக்காது; மூக்கில் பாருங்கள். இலைப் பச்சையோ பூவோ ஏதோ ஒன்று மேலே எழும். கற்பனையா நிஜமா என்ற சந்தேகம் நியாயம்தான். மூன்று கிண்ணம் எடுத்து, இரண்டில் ஒரே கலவை, ஒன்றில் மட்டும் அந்த 2 மி.லி. சேர்த்து, கண்ணைக் கட்டிக்கொண்டு வேறுபட்டதைத் தேடுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால், ஒருமுறை சரியாகச் சொன்னதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஐந்து முறை செய்து நான்கு முறையாவது தேற வேண்டும்.

கெட்டுப்போனதைத் தெரிந்துகொள்ள

நான் பரிமாறும் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மேஜைக்குப் பாட்டில் திறந்து ஊற்றினேன். விருந்தாளி முகர்ந்தார், தலையாட்டினார், நால்வரும் முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டுப் போனார்கள். காலிப் பாட்டிலை எடுத்து வரும்போது அடியில் மிச்சமிருந்ததை முகர்ந்தேன். மழையில் நனைந்த சாக்குமூட்டை. தக்கையில் உண்டாகும் டி.சி.ஏ. என்ற சேர்மத்தின் வாசனை அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழ வாசனையை முழுதாக அமுக்கிவிடும். அவர்கள் 'இது இப்படித்தான் இருக்கும் போல' என்று நினைத்திருக்கிறார்கள். நானும் ஊற்றுமுன் முகர்ந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

ஆகவே ஈரச் சாக்கு, நனைந்த அட்டைப்பெட்டி என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள். நகப்பூச்சு அழிப்பான் அல்லது வினிகர் நெடியும் கோளாறுதான். குதிரைலாய வாசனையை, பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டின் வேலை அது, சிலர் விரும்புவார்கள், எனக்குப் பிடிக்காது. பாட்டிலின் அடியில் படிந்திருக்கும் வண்டல் மட்டும் குற்றமில்லை. மெதுவாகச் சாய்த்து, வண்டல் கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள்.

கறியும் மறுநாளும்

போர்தோவில் மாட்டின் விலாக்கறித் துண்டைத் திராட்சைக் கொடியின் காய்ந்த சுள்ளியில் சுட்டுச் சின்ன வெங்காயத்தோடு தருவார்கள். போயாக் பகுதி ஆட்டுக்குட்டிக் கறியும் பேர்போனது. கொழுப்பும் புரதமும் உப்பும் துவர்ப்பை அடக்குகின்றன, அந்த டீயில் விட்ட பால்போல. நம் சமையலில் மிளகாய்தான் சிக்கல். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல், டானின் வேறு அதில் போய் உட்காரும். காரம் குறைத்து, மிளகு சீரகம் தூக்கலாக வறுத்த மட்டன் சுக்கா நன்றாகப் போகும். வத்தக்குழம்போடு முயலாதீர்கள், முயன்றவன் சொல்கிறேன்.

சித்தப்பா அன்றைக்குப் பாட்டிலில் முக்கால்வாசியை அப்படியே வைத்துவிட்டார். தக்கையைத் திருப்பிப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் இரவு ஆட்டுக்கால் வறுவல் செய்திருந்தோம். பாட்டிலை அரை மணி முன்னே வெளியே எடுத்து அவருக்கு இரண்டு விரல் அளவு ஊற்றினேன். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"நேத்து குடுத்ததா இது?"

"அதே பாட்டில்தான் சித்தப்பா."

"கச்சல் போயி நாவப்பழமா ஆயிருக்கே" என்று கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.